கிச்சன் லைட்டுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்? 14,000 ரூபாய் கொடுத்து நான் கத்துக்கிட்ட கணக்கு

வரி, இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்டுன்னு பேசற இடத்துல இன்னைக்கு கிச்சன் லைட். இதுல நானே பணத்தை விட்டிருக்கேன், அதனாலதான்.

சொந்த வீட்டுக்குக் குடிபோனப்போ கிச்சனுக்கு ஃபால்ஸ் சீலிங், அதுல ஆறு ஸ்பாட் லைட். அதுக்கு மட்டும் 14,000 ரூபாய். இன்டீரியர் கோட்டேஷன்ல அது ஒரே ஒரு வரி. மொத்தத் தொகை லட்சத்துல இருந்ததால இது கண்ணுக்கே தெரியல. ஆபீஸ்ல 500 ரூபாய் வவுச்சருக்குக்கூட பில் கேக்கற நான், வீட்டு விஷயத்துல ஒரு கேள்வியும் கேக்காம கையெழுத்துப் போட்டேன்.

கொஞ்ச நாள்ல, சாயங்காலம் ஆனா அம்மா காய்கறித் தட்டை எடுத்துக்கிட்டு ஹாலுக்கு வந்துடுவாங்க. சீரியல் பார்த்துக்கிட்டே நறுக்கறாங்கன்னு நினைச்சேன். ஒரு நாள் விருந்தாளி வந்திருந்ததால கிச்சனுக்குள்ளேயே நின்னு நறுக்கினாங்க. விரல்ல வெட்டு, மூணு தையல். "உள்ள எங்கடா வெளிச்சம்? என் நிழலே மேடை மேல விழுது"ன்னாங்க. ஆறு லைட் எரியற கிச்சன்ல!

முதல் பாடம்: லைட் எங்கே இருக்கு?

நம்ம வீடுகள்ல கிச்சன் லைட் பெரும்பாலும் நடு சீலிங்ல, இல்லைன்னா மேடைக்கு எதிர்ப்பக்கச் சுவர்ல இருக்கும். மேடையைப் பார்த்து நின்னா வெளிச்சம் முதுகுல விழும், நிழல் கத்தி மேல விழும். இதுக்கு எத்தனை வாட் கூட்டினாலும் பிரயோஜனம் இல்லை. லைட்டை இடம் மாத்தணும்.

இன்னைக்கு ராத்திரி ஏழு மணிக்கு உங்க வீட்டுல மேடை முன்னாடி நின்னு, நறுக்கற இடத்துல கையை வைங்க. தலையோட நிழல் கை மேல விழுந்தா, நீங்க வாங்க வேண்டியது மேடைக்கான ஒரு லைட் மட்டும்தான்.

நான் செஞ்சது இதுதான்: மேல் கப்போர்டுக்கு அடியில, முன் விளிம்பை ஒட்டி 2 அடி, 10 வாட் எல்.இ.டி பேட்டன் ஒண்ணு. லைட், ஒயர், எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்து 750 ரூபாய். ஒரு நாளைக்கு 3 மணி நேரம் எரிஞ்சா ரெண்டு மாசத்துக்கு 1.8 யூனிட். 14,000 தீர்க்காத பிரச்சினையை 750 தீர்த்தது.

இரண்டாவது பாடம்: பெட்டியில என்ன பார்க்கணும்?

வாட்ங்கறது லைட் சாப்பிடற கரண்ட். லூமன்தான் அது கொடுக்கற வெளிச்சம். நல்ல 9 வாட் எல்.இ.டி பல்பு சுமார் 900 லூமன் தரும். 20 வாட் பேட்டன் சுமார் 2,000 லூமன். 8 அடிக்கு 8 அடி கிச்சனுக்கு ஒரு 20 வாட் பேட்டனும், மேடைக்கு ஒரு 10 வாட்டும் போதும்.

கடையில கேக்காம வாங்கினா பெரும்பாலும் 6500 கே வெள்ளை லைட்டைத்தான் கொடுப்பாங்க. 3000 கே மஞ்சள் வெளிச்சம் ஹாலுக்கு அழகு. கிச்சனுக்கு ரெண்டுக்கும் நடுவுல இருக்கற 4000 கே கேட்டு வாங்குங்க. சி.ஆர்.ஐ 80க்கு மேல இருக்கான்னும் பாருங்க. அது குறைஞ்சா நிறம் சரியாத் தெரியாது. கீரை வாடியிருக்கான்னு கண்ணுதானே சொல்லணும்?

மூன்றாவது பாடம்: உண்மையில எவ்வளவு மிச்சம்?

பழைய 40 வாட் டியூப் லைட், சோக்கோட சேர்த்து 50 வாட்டுக்கு மேல இழுக்கும். 50னே வைப்போம். தினமும் 4 மணி நேரம், 60 நாள்:

பழைய டியூப்: 12 யூனிட்
20 வாட் எல்.இ.டி: 4.8 யூனிட்
மிச்சம்: 7.2 யூனிட்

யூனிட்டுக்கு 6 ரூபாய்னா ஒரு பில்லுக்கு 43 ரூபாய், வருஷத்துக்கு 260 ரூபாய் மாதிரி. பேட்டன் விலை ஏறக்குறைய ஒரே வருஷத்துல திரும்பிடும்.

ஆனா எல்லாருக்கும் இந்த 260 கிடைக்காது. தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரைக்கும் இலவசம். தனியா ரூம் எடுத்துத் தங்கி அதுக்குள்ளேயே முடிக்கறவங்களுக்கு மிச்சம் பூஜ்யம். நல்லா எரியற டியூபைக் கழட்டிப் போடாதீங்க. பியூஸ் போகும்போது மாத்தினா போதும். 500 யூனிட் எல்லைக்குப் பக்கத்துல இருக்கற குடும்பத்துக்கோ ஒவ்வொரு யூனிட்டும் முக்கியம். அந்த எல்லையைத் தாண்டினா மேல போன யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழ் ஸ்லாபுக்கும் விலை கூடும். வீட்டு ஓனர் சப் மீட்டர் வெச்சு ஒரே ரேட்டுல வாங்கினா, அந்த ரேட்டைப் போட்டுக் கணக்குப் பண்ணுங்க.

நான்காவது பாடம்: ஆயுள் கணக்கு

பெட்டியில 25,000 மணி நேரம்னு போட்டிருக்கும். தினம் 4 மணி நேரம்னா 17 வருஷம்! சூடும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் உள்ளே இருக்கற டிரைவரை அதுக்கு முன்னாடியே முடிச்சிடும். அக்கவுண்டன்சியில ஒரு பழக்கம் உண்டு: வரும்னு நிச்சயம் இல்லாததைக் கணக்குல சேர்க்காதே. அதனால வாரண்டி காலத்தை மட்டும் எடுத்துக்குங்க. 2 வருஷ வாரண்டியோட 100 ரூபாய் பல்பு, மாசத்துக்கு 4 ரூபாய் 17 காசு. ஆறு மாசத்துல போற 40 ரூபாய் பல்பு, மாசத்துக்கு 6 ரூபாய் 67 காசு. எது மலிவு?

வாரண்டிக்கு பில் வேணும். கடை பில்லுல இருக்கற எழுத்து கொஞ்ச மாசத்துலேயே மங்கிடும். வாங்கின அன்னைக்கே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

வாடகை வீட்டுல இருக்கீங்களா?

கழட்டி எடுத்துட்டுப் போக முடியறதை மட்டும் வாங்குங்க. பிளக்கோட வர்ற பேட்டன் நல்லது. துளை போடறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, அட்வான்ஸ்ல கை வைக்காம இருப்பாங்க. ஒட்டற ஸ்ட்ரிப் லைட் எண்ணெய்ப் பிசுக்குல சீக்கிரம் உரிஞ்சு தொங்கும். எந்த லைட்டா இருந்தாலும் அடுப்புக்கு நேர் மேல வேண்டாம். மாசத்துக்கு ஒரு தடவை ஸ்விட்சை அணைச்சிட்டுத் துடைங்க. பிசுக்கு படிஞ்சா வெளிச்சம் குறையும், கரண்ட் குறையாது.

அந்த ஆறு ஸ்பாட் லைட் இப்பவும் மேல இருக்கு. யாராவது விருந்தாளி வந்தா போடறோம். அம்மா கிச்சனுக்குள்ள போனதும் போடறது கப்போர்டுக்கு அடியில இருக்கற அந்த 10 வாட் லைட்டைத்தான். கோட்டேஷன்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, அந்த கிச்சன்ல தினமும் நிக்கறவங்களை ஒரு வார்த்தை கேளுங்க. அதுக்குச் செலவே கிடையாது.