தொடுவதற்கு முன் கழுவு

அன்பு மலருக்கு,

தொப்புள்கொடி ரத்த வங்கியில் உனக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் உன் அம்மா தெருவுக்கே லட்டு கொடுத்துவிட்டாள். "டிஎம்எஸ்ஓ கையாளப் போறேன் பெரியப்பா" என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத்தான் லட்டு இறங்கவில்லை. அது ஒன்றும் கெட்ட சரக்கில்லை. ஆனால் கையில் மருதாணி, அதற்கு மேல் ஏதோ வாசனைக் கிரீம், நகத்தில் சாயம் என்று திரிகிறவள் நீ!

டிஎம்எஸ்ஓ என்கிற டைமெத்தில் சல்பாக்சைடை 1866-லேயே ரஷ்யாவில் சைட்செவ் தயாரித்துவிட்டார். வெகுகாலம் மருத்துவத்தில் அதைச் சீந்துவாரில்லை. 1959-ல் லவ்லாக்கும் பிஷப்பும், இதைச் சேர்த்து உறைய வைத்தால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையாமல் பிழைக்கின்றன என்று காட்டினார்கள். (பூமியே ஓர் உயிர் மாதிரி இயங்குகிறது என்று பின்னால் சொன்ன அதே லவ்லாக்தான்.) செல்களை உறைய வைக்கும் உன் வங்கியின் சம்பளம் அங்கிருந்து வருகிறது. டிஎம்எஸ்ஓ செல்லுக்குள் புகுந்து, பனிக்கட்டி ஊசிகள் அதைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதுவே சாதாரண வெப்பத்தில் செல்லுக்கு ஆகாது. ஆகவே கலந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதே. உன் டீ அரைமணி நேரத்துக்குக் குறையாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் சொல்ல வந்தது கையைப் பற்றி. இது தோலில் பட்டால் உள்ளே போய்விடும். கொஞ்ச நேரத்தில் வாயில் பூண்டு வாசம் அடிக்கும். உறைய வைத்த செல்களை நோயாளிக்கு ஏற்றும்போதும் அந்த வாசம் அறையையே நிறைக்கும். சிலருக்குக் குமட்டும், ரத்த அழுத்தம் மாறும். போகிறது தனியாகப் போனால் பரவாயில்லை. தோலில் ஒட்டியிருக்கிற வேறு ரசாயனத்தையும் கூட்டிக்கொண்டு போகக்கூடியது. எல்லோரும் வேலை முடிந்து கை கழுவுவார்கள். நீ பாட்டிலைத் தொடுவதற்கு முன்பும் கழுவு, துடை, பிறகு கையுறை போடு. மெல்லிய ரப்பர் கையுறையையும் அது தாண்டிவிடும். சொட்டு விழுந்தால் உடனே கழற்றி மாற்று, "இன்னும் ரெண்டு டியூப்தானே" என்று இழுக்காதே.

இன்னொன்று. பாட்டியின் முழங்காலுக்கு அங்கிருந்து ஒரு சொட்டுகூட வரக்கூடாது. 1960-களில் போர்ட்லாந்தில் ஸ்டான்லி ஜேக்கப் என்ற மருத்துவர் இதன் வலிநிவாரண குணத்தைப் பரப்பியதிலிருந்தே, சர்வரோக நிவாரணி என்று விற்கிறவர்கள் உண்டு. விலங்குகளின் கண் லென்ஸில் மாற்றம் தெரிந்ததால் 1965-ல் அமெரிக்காவில் மனிதச் சோதனைகளை நிறுத்தினார்கள். மனிதர்களிடம் அந்தப் பாதிப்பு நிரூபணமாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1978-ல் அங்கே அனுமதி கிடைத்தது, சிறுநீர்ப்பை வலி நோய் ஒன்றுக்கு, 50 சதவீதக் கரைசலாக, மருத்துவர் குழாய் வழியே செலுத்துவதற்கு. டைக்ளோஃபெனாக் கலந்த ஒரு மூட்டுவலித் திரவத்திலும் இது இருக்கிறது. அதுவும் அளந்து, சுத்தம் பார்த்துச் செய்தது. தொழிற்சாலைத் தரத்தில் என்னென்ன அழுக்கு கலந்திருக்கிறதோ, அவையும் பாட்டியின் ரத்தத்துக்குப் போகலாம்.

ஏசி அறையில் பாட்டில் உறைந்திருந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதே. 18.5 டிகிரிக்குக் கீழே, மார்கழித் தேங்காயெண்ணெய் மாதிரி அது கட்டியாகிவிடும்.

பொங்கலுக்கு வரும்போது உங்கள் ஆய்வகத்தில் என்ன கையுறை கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வா. நகத்தை வெட்டினாயா என்று பெரியம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
பெரியப்பா