தொடாவிட்டாலும் குற்றமே

கேள்வி: என் தங்கையின் மகள் வேலை செய்யும் கடையில் முதலாளி ஆபாசமாகப் பேசுகிறார். கை வைக்காதவரை வழக்கில்லை என்கிறார்களே?
— வாசகி, அட்டாளைச்சேனை

பதில்: அரைகுறையாய்ச் சொன்னதை நம்பிவிடாதீர்கள், சகோதரி. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தினால் திருத்தப்பெற்ற நமது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவானது, சரீர பலாத்காரத்தை மட்டுமன்றி, வார்த்தையினாலோ செய்கையினாலோ இழைக்கப்படும் பாலியல் தொல்லையையும் குற்றமாக்கி, அதிகார ஸ்தானத்திலுள்ளவர் தொழிலிடத்தில் விடுக்கும் விரும்பத்தகாத அழைப்பையும் அதற்குள் அடக்கி, 5 ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிப்பதுடன், பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கவும் நீதிமன்றம் கட்டளையிடலாம் என்கிறது. ஊர் வாய்க்கு அஞ்சிக் குமரை வீட்டோடு நிறுத்துவதே நம்மவர் வழக்கம்; தண்டனை அவளுக்கா? பேசியது என்ன, எந்த நாள், எவர் காதில் விழுந்தது என்பதை இன்றே ஒரு கொப்பியில் எழுதிவைத்து, பொலிஸ் நிலையத்தின் மகளிர் பிரிவில் முறைப்பாடு செய்யுங்கள். சாட்சி சொல்ல வருவோரை மிரட்டுவதும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி தனிக் குற்றம்.