மாடல் போட வரும் பிள்ளைகளுக்கு

கதிரியக்கக் கழிவு நிலத்தடி நீரில் எவ்வளவு தூரம், எத்தனை ஆண்டில் போகும் என்று கணக்குப் போட வந்திருக்கிறீர்கள். போட்ட கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வதும் உங்கள் வேலைதான். உதாரணங்களைப் பெரும்பாலும் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டிலிருந்தே எடுக்கிறேன். வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில், அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த இடம் அது. அங்கே 177 நிலத்தடித் தொட்டிகளில் சுமார் 21 கோடி லிட்டர் கழிவு தேங்கியது. 67 தொட்டிகள் கசிந்தவை, அல்லது கசிந்ததாகச் சந்தேகிக்கப்படுபவை.

1. அளவுருக்களை ஓர் எல்லைக்குள் தற்செயலாக மாற்றி மாற்றிப் பல தடவை கணக்கிடும் மான்டே கார்லோவை ஓட்டுவதற்கு முன், மண்ணுக்கடியில் என்ன நடக்கிறது என்று நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் படத்தைச் சந்தேகப்படுங்கள். சீசியம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், தொட்டிக்கு அருகிலேயே நின்றுவிடும் என்பதுதான் ஹான்ஃபோர்டில் நெடுநாள் நம்பிக்கை. 1990-களில் எஸ்.எக்ஸ். தொட்டி வளாகத்தில் அது சுமார் 40 மீட்டர் ஆழத்தில் தென்பட்டது. சோதனைத் துளையின் குழாய் ஓரமாக வடிந்திருக்கும் என்று முதலில் வாதிட்டவர்கள் உண்டு. பிறகு ஆராய்ந்ததில் காரணம் வேதியியலில் கிடைத்தது: அந்தக் கழிவில் சோடியம் அபரிமிதம். மண் துகளில் சீசியம் உட்கார வேண்டிய இடங்களை அது பிடித்துக்கொண்டது. ஒட்டுதிறனுக்கு ஓர் எல்லை வைத்து ஆயிரம் தடவை ஓட்டியிருந்தாலும் இது வெளிவந்திருக்காது. ஏனென்றால் அந்த எல்லையே நல்ல தண்ணீரில் அளந்தது. நிலத்தடி நீரியல் அறிஞர் ஜான் ப்ரெட்ஹோஃப்ட் 2005-இல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். புதிதாக வந்த தகவல் அடிப்படைப் படத்தையே செல்லாததாக்கிய ஆய்வுகள் 20 முதல் 30 சதவீதம் என்கிறார் அவர். உங்கள் ரிப்போர்ட்டின் பிழைப்பட்டைக்குள் அது அடங்காது.

2. அதனால் குறைந்தது இரண்டு படங்களையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். நெவாடாவில் 1968-இல் பென்ஹாம் என்ற அணுவெடிப்புச் சோதனை நடந்தது. அதன் புளூட்டோனியம் 1.3 கிலோமீட்டர் தள்ளி இருந்த கிணற்றில் கிடைத்தது. எந்த வெடிப்பிலிருந்து வந்தது என்பதை ஐசோடோப்பு விகிதம் காட்டிக்கொடுத்தது. நீரில் எளிதில் கரையாத பொருள் எப்படி நகர்ந்தது? நுண்ணிய கூழ்மத் துகள்களின் மேல் ஏறிக்கொண்டு. 1999-இல் வெளியான இந்த ஆய்வுக்கு முன், பெரும்பாலான மாடல்களில் கூழ்மத்துக்கு இடமே இல்லை.

3. எதன் நிச்சயமின்மை முக்கியம் என்பது தனிமத்துக்குத் தனிமம் மாறும். ஸ்ட்ரான்சியம்-90-க்கு அரைவாழ்வுக் காலம் சுமார் 29 ஆண்டு. கிணற்றை எட்ட 100 ஆண்டா, 300 ஆண்டா என்ற சந்தேகம், சிதைவை மட்டும் கணக்கில் எடுத்தாலே, செறிவைச் சுமார் 120 மடங்கு மாற்றிவிடும். டெக்னீசியம்-99-க்கு அரைவாழ்வு 2,11,000 ஆண்டு. அதே சந்தேகம் அங்கே ஒரு பொருட்டே இல்லை. மண்ணிலும் அது ஒட்டாது. அதற்கு எவ்வளவு கசிந்தது என்பதில் மெனக்கெடுங்கள்.

4. மழைக் கணக்கை வானிலை ஆய்வு நிலையப் பட்டியலோடு முடித்துவிடாதீர்கள். ஹான்ஃபோர்டில் ஆண்டு மழை சுமார் 170 மில்லிமீட்டர்தான். புதர் மண்டிய நிலத்தில் ஆழத்துக்கு இறங்குவது அதில் சில மில்லிமீட்டர். தொட்டிகளின் மேலோ களையெல்லாம் பிடுங்கிச் சரளை பரப்பியிருந்தார்கள். குடிப்பதற்கு வேர் இல்லாததால் மழையில் பெரும்பங்கு கீழே போயிற்று. தளத்தில் போய் நின்று பார்க்காதவர்களுக்கு இது தெரியாது.

5. எந்தக் காலத்து நீர்மட்டத்தை வைத்து மாடலைச் சரிசெய்தீர்கள் என்று பாருங்கள். அங்கே பல பத்தாண்டுகள் கழிவுநீரை மண்ணில் ஊற்றியதால், மேற்குப் பகுதியில் நீர்மட்டம் 20 மீட்டருக்கும் மேல் உயர்ந்து மேடு கட்டியது. நீர் ஓடும் திசையே மாறியது. ஊற்றுவதை நிறுத்தியதும் மேடு வடியத் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தோடு அழகாகப் பொருந்தும் மாடல், அடுத்த 500 ஆண்டுக்குப் பொருந்தும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

6. இதை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள், அனுபவசாலிகளே சறுக்கும் இடம். ‘தெரியாவிட்டால் எல்லையை அகலமாக வை, பாதுகாப்பு’ என்பார்கள். பயணக் காலத்தை அகலமாக வைத்துப் பாருங்கள். ஒரு ரன்னில் செறிவின் உச்சம் 200-ஆம் ஆண்டில் வரும், இன்னொன்றில் 900-இல், மற்றொன்றில் 3,000-இல். ஆண்டுவாரியாகச் சராசரி எடுத்தால் எந்த ஆண்டிலும் சில ரன்கள்தான் உச்சத்தில் இருக்கும், மற்றவை பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். சராசரிக் கோடு தட்டையாகிவிடும். அதாவது, உங்களுக்குத் தெரியாதது கூடக் கூட ஆபத்து குறைவதுபோலத் தோன்றும். சராசரிக் கோட்டின் உச்சத்தோடு, ஒவ்வொரு ரன்னின் உச்சமும் எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டும் வெகுவாக விலகினால் அதற்கான காரணத்தை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். இணைப்பில் ஒளிக்க வேண்டாம்.

7. சாம்பிளிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1979-இல் வந்த லத்தீன் ஹைப்பர்கியூப் முறை போதும். வேறு ரேண்டம் எண்ணிலிருந்து தொடங்கி இன்னொரு முறை ஓட்டுங்கள். விடை ஆடினால் ரன் போதவில்லை. ஒன்றையொன்று சார்ந்த அளவுருக்களைத் தனித்தனியாக எடுக்காதீர்கள்.

8. டெக்னீசியத்துக்கு அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 900 பிக்கோகியூரி. உங்கள் பரவல் முழுவதும் அதற்குக் கீழேயோ மேலேயோ கிடந்தால், அதைச் சுருக்க இன்னும் ஆறு மாதம் செலவழிக்காதீர்கள். வரம்பின் மேலேயே உட்கார்ந்திருந்தால், எந்த அளவுரு அதை அங்கே இழுக்கிறது என்று கண்டுபிடித்து, அதை அளப்பதற்குப் பணம் கேளுங்கள்.

9. புதுக் கிணறு தோண்டப்போகிறார்கள் என்று தெரிந்தால், அதில் என்ன செறிவு வரும், எந்த எல்லைக்குள் வரும் என்று முன்கூட்டியே எழுதித் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். ஆய்வக முடிவு வந்த பிறகு அந்தத் தாளைத் திருத்தக் கூடாது.