அடைபட்ட காற்று

களமசேரி வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலையோரம், வண்டிச் சக்கரங்களுக்குக் காற்றடைக்கும் கடைகளைக் கண்டிருப்பீர்கள். அங்குள்ள பொறியே காற்றழுத்தி; வழக்கில் கம்ப்ரசர் என்பர். 1960இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பெற்ற எல்ஜி நிறுவனம் காற்றழுத்திகளால் பெயர்பெற்றது. இன்று வீடுகளிலும் சிறிய காற்றழுத்திகள் உள்ளன.

இதன் தொட்டியில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு அழுத்தத்தில் காற்று அடைபட்டிருக்கும். அதனை வேண்டிய அழுத்தத்தில் வெளிவிடுவது சீராக்கி, அதாவது ரெகுலேட்டர். அதனுள் சுருள்வில் வால்வைத் திறக்கும். வெளிச்செல்லும் காற்று ரப்பர் சவ்வை எதிர்த்துத் தள்ளி வால்வை மூடும். வால்வில் தூசி படிந்தால் அது முற்றும் மூடாது. வெளிவரும் காற்றின் அழுத்தம் தானே ஏறும். சவ்வு கிழிந்தால் திருகுப்பிடியருகே காற்று கசியும். தூசியைத் துடைத்தலும் சவ்வை மாற்றுதலும் எளிய பணிகளே.

ஆயினும், மின்னிணைப்பைத் துண்டித்து, தொட்டிக் காற்றை முழுதும் வெளியேற்றிய பின்னரே சீராக்கியைக் கழற்றுதல் வேண்டும். தவறினால் தெறிக்கும் திருகு கண்ணைப் பறித்துவிடும். காற்று கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே, அழுத்தமானி சுழியத்தைக் காட்டுவதைப் பார்த்தே துணிதல் வேண்டும். பெரியோர் துணையின்றி இதனைச் செய்யற்க.

பயிற்சி
1. அழுத்தம் தானே ஏறுவதற்குக் காரணம் யாது?
2. சீராக்கியைக் கழற்றுமுன் செய்ய வேண்டுவன யாவை?
3. பிரித்து எழுதுக: காற்றழுத்தி, மின்னிணைப்பு.