மாணவரின் தொழில் விருப்பம் உருவாகும் விதம்

"என்னவாக விரும்புகிறாய்?" என்று உயர்நிலைப் பள்ளி மாணவரை வினவினால் மருத்துவர், ஆசிரியர், காவலர் என நான்கைந்து விடைகளே திரும்பத் திரும்ப வருவதை வகுப்பறையில் நாம் கண்டிருக்கிறோம். ஆயிரமாயிரம் தொழில்கள் உள்ள உலகில் விடை இவ்வளவு சுருங்குவது ஏன்?

அமெரிக்க உளவியலறிஞர் லிண்டா காட்ஃப்ரெட்சன் 1981இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, தனக்கு ஆகாதவை எனப் பலவற்றைக் குழந்தை விலக்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. 6 முதல் 8 வயதிற்குள் 'இது ஆணுக்கு, இது பெண்ணுக்கு' என்ற பிரிவு பதிகிறது. 9 முதல் 13 வயதிற்குள் 'இது நமக்கு எட்டாது', 'இது நமக்கு இழிவு' என்னும் அளவுகோல் சேர்கிறது. தன் ஆர்வம் யாது, திறமை யாது என எண்ணத் தொடங்குவது 14 வயதளவில்தான். அதற்குள் பல கதவுகள் அடைபட்டிருக்கும்.

தருமபுரி மாவட்டத்து ஏரியூரை எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணை நீர்ப்பரப்பின் அருகே இருந்தும் வானம் பார்த்த நிலங்கள் மிகுந்த வட்டாரம். மழை பொய்த்தால் பெற்றோர் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கூலிவேலைக்குச் செல்வர். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்வர். அப்பிள்ளைகள் அன்றாடம் காணும் மாதச் சம்பளக்காரர் ஆசிரியர், செவிலியர், நடத்துநர் ஆகியோரே. விருப்பமும் அவ்வெல்லைக்குள் நிற்கிறது. (நம் இல்லங்கள் பலவற்றில் ஆசிரியப் பணி தலைமுறையாகத் தொடர்வதற்கும் இதுவே காரணம் போலும்!)

'என்னால் இயலும்' என்னும் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளை ஆல்பர்ட் பண்டுரா 1977இல் குறித்தார்: தானே செய்து பெற்ற வெற்றி, தன்னையொத்தவர் வெல்வதைக் காணல், பிறர் ஊக்கமொழி, உடல் மன நிலை. முதலாவதே வலியது. நாமோ மூன்றாவதையே வாரி வழங்குகிறோம்.

அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயன் இடங்களோடு முடிவதன்று. அதே பெஞ்சில் அமர்ந்து படித்த அக்காள் மருத்துவக் கல்லூரிக்குச் செல்வதைத் தங்கை காண்கிறாள். இஃது இரண்டாம் ஊற்று. இன்று ஏரியூரிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரியும் உண்டு. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் பள்ளியிலேயே தொழில் வழிகாட்டல் தருகின்றனர். நல்லதே. ஆயினும் எட்டு வயதில் அடைபட்ட கதவுக்கு ஒன்பதாம் வகுப்பு வழிகாட்டல் காலந்தாழ்ந்தது என்பதே நம் கருத்து; மூன்றாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

இல்லத்தில் ஒரு பயிற்சி. பிள்ளையிடம் இருபது தொழில்களை எழுதித் தந்து, வேண்டாதவற்றை அடிக்கச் சொல்லுங்கள். அருகே காரணமும் எழுதட்டும். காரணம் எழுத இயலாமல் பேனா நிற்கும் தொழில் எதுவோ, அதைச் செய்பவரிடம் அழைத்துச் சென்று அரைநாள் உடனிருக்கச் செய்யுங்கள்.