குளிர்காலத்தில் கடை கட்டுவோர் கவனத்திற்கு

தை பிறந்ததும் புதுக்கடை திறக்க நம்மில் பலர் விரும்புகிறோம். ஊட்டி, குன்னூர் பகுதிகளில் அதற்காகக் கார்த்திகை, மார்கழியில் தளம் போடுவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை; சிமெண்ட் தண்ணீருடன் வினைபுரிவதால்தான் இறுகுகிறது. குளிரில் இவ்வினை மந்தமாகும். இறுகுமுன் உள்ளிருக்கும் நீர் உறைந்தால், சுமார் 9 சதவீதம் பருத்துக் கான்கிரீட்டை உள்ளுக்குள் பிளந்துவிடும். இழந்த பலம் முழுதாகத் திரும்பாது.

எனவே வெப்பம் 5 டிகிரிக்கு இறங்கும் நாட்களில், வெயில் ஏறிய பின் தொடங்கிப் பிற்பகலுக்குள் வேலையை முடிக்க வேண்டும். பனி உறைந்த மணலும் ஜல்லியும் கூடாது. கலவைத் தண்ணீரைச் சுடவைத்துக் கொள்ளலாம். சீக்கிரம் இறுகட்டும் என்று உப்பு சேர்த்தால் கம்பி துருப்பிடிக்கும். மாலையில் பாலிதீன் தாள் விரித்து, மேலே உலர்ந்த சாக்குகளைப் பரப்பி மூட வேண்டும். சாக்குக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

பெரும்பாலும் முட்டுப் பிரிப்பதில்தான் அவசரப்படுகிறோம். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் தளத்திற்கு, 4.5 மீட்டர் இடைவெளி வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்கிறது இந்தியத் தர விதி. ஆனால் அது வெப்பம் 15 டிகிரிக்குக் குறையாத இடங்களுக்கே பொருந்தும். மலையில் கூடுதல் நாட்கள் பொறுக்க வேண்டும். எத்தனை நாள் என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். மேஸ்திரியை நாம் நெருக்கக் கூடாது.

திறப்பு விழா மாசிக்குத் தள்ளிப்போனால் ஒரு மாத வியாபாரம்தான் போகும். தளம் இடிந்தால் முதலோடு உயிரும் போகும்.