ஊர்தி அடையாள எண்: முத்திரையிடுதலில் நேரும் பிழைகள்

மோட்டார் வாகனத்தின் அடிச்சட்ட எண் வெறும் தொழிற்சாலைக் குறிப்பு அன்று. பதிவு, காப்பீடு, கடன் ஆகிய மூன்றும் அதனைச் சார்ந்தே நிற்கின்றன. நம் நாட்டில் புதிய வாகனத்தைப் பதிவு செய்யும் விண்ணப்பத்தில் அந்த எண்ணின் பென்சில் பிரதி ஒட்டப்படுகிறது. விற்பனைச் சான்றிதழில் உள்ள எண்ணுடன் அது ஓர் இலக்கத்தில் வேறுபடினும், வாகனம் களவுப் பொருளோ என்னும் ஐயம் எழும். தவறேதும் இழைக்காத உரிமையாளரே அலைய நேரிடும்.

இப்பிழைகளுக்குக் கையால் முத்திரையிடும் முறை பெரிதும் இடம் தந்தது. எஃகு அச்சுகளில் எழுத்துகள் இடவலம் மாறியிருக்கும். ஆகவே அவற்றைப் பிடியில் கோப்பவர் எண்ணைத் தலைகீழ் வரிசையில் அமைக்க வேண்டும். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறுவது இதனால் எளிது. மேலும், பல அச்சுத் தொகுதிகளில் 6-க்கும் 9-க்கும் ஒரே அச்சுதான். திருப்பிப் பிடித்தால் எண் மாறிவிடும்.

இதனினும் தொல்லை தருவது வரிசைப் பிழை. பழுதுபார்ப்பதற்காக ஓர் உடற்கூடு வரிசையினின்று விலக்கப்பட்டு, அதற்குரிய தாள் மட்டும் விலக்கப்படாவிடின், அடுத்த உடற்கூடு அதன் எண்ணைப் பெறும். எவரேனும் கவனிக்கும் வரை, பின்வரும் ஒவ்வொன்றும் முந்தியதன் எண்ணைத் தாங்கிச் செல்லும். தவற்றை உராய்ந்து அழித்தாலோ, அது திருடனின் கைவேலை போலவே தோன்றும். பழைய எண் தெரியுமாறு கோடிட்டு, சரியான எண்ணை அருகில் பொறித்து, பதிவேட்டிலும் குறிப்பதே தக்க முறை எனலாம்.

அமெரிக்காவில் 1981 மாதிரி ஆண்டு முதல் 17 குறிகள் கொண்ட எண் கட்டாயமாயிற்று. 1, 0 ஆகியவற்றோடு மயங்கும் ஐ, ஓ, கியூ என்னும் ஆங்கில எழுத்துகள் விலக்கப்பட்டன. ஒன்பதாம் குறி சரிபார்ப்பு இலக்கம். பிற குறிகளை அவற்றின் இடத்திற்குரிய எடையால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் எஞ்சுவது அதுவாகும். மீதி 10 எனில் எக்ஸ் என்னும் எழுத்து இடப்படும். சான்றாக, கடைசி இரு இடங்களின் எடைகள் 3, 2. அங்கே 61 இருப்பின் 20 கிடைக்கும். 16 என மாறினால் 15. மீதி மாறுவதால் பிழை வெளிப்படும்.

வரிசைப் பிழையை இவ்விலக்கம் காட்டிக்கொடாது. கணினிவழிப் பொறிக்கும் இயந்திரமும், தவறான உடற்கூட்டில் மற்றொன்றின் எண்ணைப் பிசகின்றிப் பொறித்துவிடும். கணக்கும் சரியாகவே வரும்.